சிரிக்க வேண்டிய இடங்கள்

கரமனை, திருவனந்தபுரம்
14-9-2004, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஷீலாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவால் நாங்கள் இரண்டு பேரும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குப் படுத்து நடமாட்டத்தோடு இருக்கிறோம். நீயும் மருமகன் ஷாஜியும் அந்தக் குளிர் தேசத்தில் ஒரு தும்மல்கூட இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலை ஜெபத்தில் உங்கள் இரண்டு பேர் பெயரையும் சொன்ன பிறகுதான் எழுந்திருக்கிறேன். கடிதத்தைப் பிரித்த உடனே நீ கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாய் என்று எனக்குத் தெரியும். அப்பா எப்போதும் எழுதும் இரண்டு வரி அங்கே இருக்காது, தேடாதே. இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அவர் சாலைக் கடைத்தெருவில் நம் கடைக்குப் போய்விட்டார், மணி பதினொன்று, அடுப்பை அணைத்துவிட்டு சமையல் மேடையிலேயே காகிதத்தை வைத்து எழுதுகிறேன். பதறாதே. அப்பா நடக்கிறார், சாப்பிடுகிறார், கடை திறக்கிறார்.

ஊர்ச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு எனக்கு ஞாபகம் நிற்காது. ஓணத்துக்கு நல்ல மழை, பின்பக்கத்து மதில் ஊறி ஒரு கல் பெயர்ந்து விழுந்தது, யார் மேலும் விழவில்லை. கடையில் நிற்கிற நம் கோலப்பன் மகளுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்திருக்கிறது, கடையில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தான். நீ அனுப்பிய கம்பளிச் சட்டையை அப்பா இந்த ஊர் வெயிலில் ஒரு நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கழற்றுங்கள் என்றால் கேட்கவில்லை, மகள் அனுப்பியது என்றார். அடுத்த வீட்டுக் கலைச்செல்வி உன்னை விசாரித்தாள். அவள் இப்போது ஒரு கிளினிக்கில் சீட்டு எழுதிக் கொடுக்கிற வேலைக்குப் போகிறாள். அவளால்தான் எனக்கு ஒரு வழி கிடைத்தது, அதைப் பின்னால் சொல்லுகிறேன். சபையில் புதுப் போதகர் வந்திருக்கிறார், குரல் நன்றாக இருக்கிறது, பிரசங்கம்தான் நீளம். போன மாதம் அவர் தன்னுடைய தாயார் இறந்ததைப் பற்றிச் சொல்லிக் குரல் கம்மி நின்றபோது நம் பெஞ்சிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவை இருக்கவில்லை. முன்வரிசைக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இருமல் போலிருக்கிறது என்று நானே எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டு அப்பாவின் முதுகைத் தடவிக் கொடுத்தேன். கோயிலுக்குள் உட்கார்ந்து பொய் சொன்னேன், மகளே.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீ போன் பண்ணும்போதெல்லாம் இது வாய் வரை வரும். போன் இருப்பது ஹாலில் அப்பா நாற்காலிக்குப் பக்கத்தில், அவர் எனக்குக் கொடுக்கிறதே கடைசி ஐந்து நிமிடம், அதிலும் கண்ணெடுக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். போன வாரம் நீ சொன்னாய், அப்பா இப்ப ரொம்ப ஜாலியா இருக்காங்கம்மா, முன்னைவிட நல்லா சிரிக்கிறாங்க என்று. நான் ஆமா என்றேன். போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நீ சொன்னதில் தப்பில்லை. அவர் சிரிக்கிறார்தான். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

நம் வீட்டு ஞாயிற்றுக்கிழமை உனக்குச் சொல்லித் தெரிய வேண்டாம். கோயில் விட்டு வந்து, கோழிக்கறியும் சோறும் சாப்பிட்டு, இரண்டு மணிக்கு அப்பா டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்தால் கௌபாய் படம்தான். அதுவும் நேரான கௌபாய் படம் அவருக்குப் பிடிக்காது, அவரே கிறுக்குக் கௌபாய் என்று பெயர் வைத்திருக்கிற படங்கள்தான் வேண்டும். நீ காலேஜில் படிக்கிறபோது கேசட் கடையிலிருந்து முதல் படத்தை எடுத்து வந்து அவரைக் கெடுத்தவள். இரண்டு பேர் ஒருவரையொருவர் சுடுவதற்கு வீதியில் எதிரும் புதிருமாக நிற்பார்களே, ஊரே கதவைச் சாத்திக்கொண்டு ஒளிந்திருக்கும், அப்போது ஒருவனுடைய கால்சட்டைப் பித்தான் அறுந்து விழ, இரண்டு பேரும் குனிந்து தேட, ஊரும் ஒவ்வொருவராக வெளியே வந்து தேட, கடைசியில் யார் எந்தப் பக்கம் நின்றது என்று இரண்டு பேருக்குமே மறந்துபோகுமே, அந்தப் படம். நீங்கள் இரண்டு பேரும் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் கலைச்செல்வி வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். உனக்குக் கனடாவில், கௌபாய்த் திருவிழா நடக்கிற கால்கரியில் வேலை என்று தெரிந்தபோது அப்பா பிரிவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, குதிரைக்காரன் ஊருக்குல்லா என் மவ போறா என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இந்தப் படங்களிலும் அவருக்குக் கீலும் தாழ்ப்பாளும் விற்கிற கடைப்புத்திதான். துப்பாக்கியைப் பார்க்கமாட்டார், கதவைப் பார்ப்பார். சாராயக்கடை வாசலில் இரண்டு பக்கமும் ஆடுகிற கதவைக் கண்டால், இது சாதாக் கீல், இது ஸ்பிரிங் கீல், இதைப் போட்ட ஆசாரி படித்துத் தேறாதவன் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அதனால்தான் அந்தத் தாழ்ப்பாள் இடம் அவருக்கு உயிர். பாலைவன ஊர்க் காவல்காரன் புது ஜெயில் கட்டி, முதல் திருடனை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவான். பார்த்தால் தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கும். திருடன் சாவகாசமாகத் தாழ் போட்டுக்கொண்டு காவல்காரனுடைய கட்டிலில் படுத்துவிடுவான். காவல்காரனுடைய தொப்பி உள்ளே, சாப்பாடு உள்ளே, சாவி உள்ளே. வெளியே வெயிலில் நின்று, திறந்து விடப்பா என்று திருடனைக் கெஞ்சுவான். அந்த ஒரு இடத்தில் அப்பா கண்ணில் தண்ணீர் வராத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. இந்தத் தப்பை நம்ம ஊர்லயே ஆறு வீட்டுல பாத்துருக்கேன் தாசம்மா என்று ஒவ்வொரு தடவையும் அந்த ஆறு வீட்டையும் பெயர் சொல்லி எண்ணுவார். அப்படி அவர் சொல்லிச் சொல்லியே எனக்கும் அந்த இடம் மட்டும் நன்றாகப் புரியும்.

அந்த இடம் மட்டும் என்று ஏன் சொல்லுகிறேன் என்றால், இப்போது உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. உன் அப்பாவுக்கும் தெரியாது இது. எட்டாம் வகுப்பு இங்கிலீஷை வைத்துக்கொண்டு எனக்கு அந்தப் படங்களில் ஒன்றும் விளங்காது. விளங்காதது மட்டுமில்லை, நான் படத்தைப் பார்த்ததே கிடையாது. பயறு உரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், கண் அப்பா மேல் இருக்கும். அவருக்குச் சிரிப்பு வரப்போகிறதென்றால் முதலில் வயிறு குலுங்கும், பிறகு தோள், பிறகுதான் சத்தம். தோள் அசையும்போது நான் ஆரம்பித்துவிடுவேன், சரியாக ஒன்றாக வந்து சேரும். நீயும் அம்மாவுக்குப் புரிகிறதே என்று ஆச்சரியப்பட்டிருக்கிறாய். அவர் கோலப்பனிடம், இவளுக்கு இங்கிலீசு தெரியாதுடே, ஆனா தமாசு எங்க இருக்குன்னு தெரியும் என்று பெருமையாகச் சொல்லுவார். பத்து வருஷமாக அந்தப் பெருமையை நானும் வைத்துக்கொண்டேன். அவர் சந்தோஷத்தைப் பார்க்கிறதே எனக்கு ஒரு படம் பார்த்த மாதிரி இருந்தது. அதற்கு இப்படி ஒரு தண்டனை வரும் என்று யார் கண்டது.

இனி கடையில் நடந்ததைச் சொல்லுகிறேன். ஓணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு வியாழக்கிழமை. விழிஞ்ஞத்திலிருந்து ஒரு மனிதர் சவப்பெட்டிக்குக் கைப்பிடியும் பித்தளைச் சிலுவையும் வாங்க வந்திருக்கிறார். கடலுக்குப் போன தம்பி, மூன்றாம் நாள் கிடைத்திருக்கிறான். அந்தச் சாமான் வாங்க வருகிறவர்களிடம் அப்பா எப்படி நடந்துகொள்வார் என்று உனக்குத் தெரியும். வாங்க என்று வரவேற்க மாட்டார், எழுந்து மட்டும் நிற்பார். எத்தனை வேண்டும் என்று கேட்கமாட்டார், தானே ஜோடி பார்த்து எடுத்து, பழைய பேப்பரில் சுற்றாமல் வெள்ளைத்தாளில் சுற்றி, இரண்டு கையாலும் கொடுப்பார். போயிட்டு வாங்க என்று மட்டும் செத்தாலும் சொல்லமாட்டார். அந்தச் சாமானுக்கு யாரும் திரும்ப வரக் கூடாது என்று தலையை மட்டும் ஆட்டி அனுப்புவார். கோலப்பன் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு அப்பா அவனுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே அதுதான். அன்றைக்கு அந்த மனிதர் கண்ணீரோடு நிற்க, அப்பா கைப்பிடியை எடுத்துக் கதவு தட்டுகிற மாதிரி மேசையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுச் சிரித்திருக்கிறார். பிறகு தோளில் தட்டி, போயிட்டு வாங்க, அடுத்த தடவை குறைச்சுத் தாறேன் என்றிருக்கிறார்.

கோலப்பன் மறுநாள் மத்தியானம் வீட்டு வாசலுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான். மயினி, அண்ணாச்சி அப்படி சிரிக்கிற ஆளா, அந்த மனுசன் பொட்டலத்த எடுத்துக்கிட்டு எறங்கிப் போனாரு, நான் பொறத்தால ஓடிப் போயி ரோட்டுல வச்சுக் கையெடுத்துக் கும்பிட்டேன், எனக்கு என்னமோ பயமாட்டு இருக்கு மயினி என்றான். முப்பது வருஷமாக நம்மோடு இருக்கிறவன், ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லமாட்டான். ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பாவிடம் நான் மெதுவாக, நேற்று யாராவது பெட்டிச் சாமானுக்கு வந்தார்களா என்று கேட்டேன். வந்தார் பாவம், தம்பி போய்விட்டானாம் என்று சொல்லி மீனை எடுத்துப் போட்டுக்கொண்டார். எல்லாம் ஞாபகம் இருக்கிறது. சிரித்தது மட்டும் அவருக்கு ஒரு தப்பாகவே தோன்றவில்லை. உன் பெரியப்பா கடைசி இரண்டு வருஷம் இருந்த இருப்பு உனக்கு நினைவிருக்கும், மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்துகொண்டு, கூட்டிக்கொண்டு வரப்போன பெரியம்மாவையே நீ யார் பிள்ளை என்று கேட்டாரே. அவருக்கு அது எதில் ஆரம்பித்தது என்று யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதுதான் எனக்குத் தூக்கம் வரவில்லை.

எனக்கு முட்டுவலி என்று சொல்லிவிட்டுக் கலைச்செல்வியோடு அவள் வேலை பார்க்கிற கிளினிக்குக்குப் போனேன். அங்கே மூளை நரம்பு பார்க்கிற பெண் டாக்டர் ஒருத்தி வாரத்தில் ஒரு நாள் வருகிறாள், சின்ன வயசு, பொறுமையாகக் கேட்டாள். நான் மறதி ஒன்றும் இல்லை என்று சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். பிறகு, சிரிக்கான் பாடில்லாத்த ஸ்தலத்து சிரிக்குந்நுண்டோ சேச்சி என்று கேட்டாள். சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிக்கிறாரா, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்காமல் இருக்கிறாரா, இரண்டையும் வீட்டில் கவனித்துப் பாருங்கள் என்றாள். சிலருக்கு மறதி வருவதற்கு முன்னால் இதுதான் மாறுமாம். வேறு காரணமாகவும் இருக்கலாம், ரத்தத்தில் ஏதாவது குறைவாக இருந்தாலும் இப்படி வரலாம், பரிசோதிக்காமல் பயப்பட வேண்டாம் என்றும் சொன்னாள். பயப்படாதே என்று எல்லோரும் சொல்லுகிறார்கள், எப்படி என்று ஒருவரும் சொல்லித்தர மாட்டேன் என்கிறார்கள். அக்டோபர் இருபதாம் தேதி புதன்கிழமை அப்பாவைக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறாள், அதற்குள் நான் பார்த்ததை எழுதிக் கொண்டுவர வேண்டும்.

சிரிக்க வேண்டிய இடம் எது என்று எனக்கு எப்படித் தெரியும், மகளே. நேரான படமாக இருந்தால் பரவாயில்லை, கெட்டவன் விழுந்தால் சிரிக்கலாம், நல்லவன் விழுந்தால் அழலாம். இவை கிறுக்குப் படங்கள். சவ ஊர்வலத்தில் குதிரை படுத்துக்கொள்ளும், நீங்கள் இரண்டு பேரும் சிரிப்பீர்கள். ஒரு தாய் மகனை வழியனுப்புவாள், அதற்கும் சிரிப்பீர்கள். சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பு வைப்பதுதான் இந்தப் படத்தின் குணம் என்று அப்பாவே எனக்குச் சொல்லியிருக்கிறார். அப்படியானால் அவர் கடையில் சிரித்தது வியாதியா, படம் பார்த்துப் பார்த்து வந்த பழக்கமா, இல்லை வயதாகி நாக்கு தளர்ந்துபோனதா என்று நான் எதை வைத்துச் சொல்லுவேன். இத்தனை வருஷம் நான் அளந்ததெல்லாம் அவர் முகத்தை வைத்துத்தான். இப்போது அந்த முகத்தையே அளக்க வேண்டியிருக்கிறது.

அதனால் முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்தேன். ஜெயில் படத்தைப் போடச் சொன்னேன். பயறு உரிக்கவில்லை. காலண்டர் தாளைக் கிழித்து மடியில் வைத்துக்கொண்டு, அப்பா சிரித்தபோதெல்லாம் சிடி பிளேயரில் ஓடுகிற நிமிடத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். முதல் தட்டு, இரண்டாம் தட்டு, தனித்தனியாக. என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். மளிகைச் சாமான் என்றேன். ஒன்பது இடத்தில் சிரித்தார். எனக்குத் தோள் அசைவது தெரிந்தும் கூடச் சிரிக்க முடியவில்லை, அவர் இரண்டு தடவை திரும்பி என்னைப் பார்த்தார், பிறகு பார்க்கவில்லை. அந்தத் தாள் என் வேதப்புத்தகத்தின் உறைக்குள் இருக்கிறது.

நீ செய்ய வேண்டியது இதுதான். அதே படம் உன்னிடமும் இருக்கிறது, நீ இங்கிருந்து ஒரு ஜோடி சிடி வாங்கிக்கொண்டுதான் போனாய். உட்கார்ந்து முதலிலிருந்து முடிவு வரை பார். எந்த நிமிடத்தில் ஒரு நல்ல மனுஷன் சிரிப்பான், எந்த நிமிடத்தில் சிரிக்கமாட்டான் என்று வரிசையாக எழுதி அனுப்பு. அவர் எங்கெங்கே சிரித்தார் என்று நான் உனக்குச் சொல்லமாட்டேன். சொன்னால், அம்மா பயந்து கிடக்கிறாளே என்று அவர் சிரித்த இடத்தையெல்லாம் சிரிக்கிற இடம் என்று எழுதிவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும். நீ அப்பா பிள்ளை. பட்டியலைக் கலைச்செல்வி பேருக்கு அவள் வீட்டு நம்பர் போட்டு அனுப்பு, இங்கே வந்தால் அப்பாதான் முதலில் பிரிப்பார். ப்ரௌசிங் சென்டரில் போய் ஒரு நிமிடத்தில் அனுப்பலாமே அக்கா என்று அவள் சொன்னாள், வேண்டாம் என்றேன், உன் அப்பா சிரிப்பைப் பற்றி யாரோ ஒரு பையன் தட்டி அனுப்ப வேண்டாம். போனிலும் கேட்காதே. ஷாஜியிடம் சொல்லு, அவனுடைய அம்மாவிடம் சொல்லாதே, அவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் திங்கட்கிழமை சொன்னால் செவ்வாய்க்கிழமை சபை முழுக்க ஜெபம் பண்ணும்.

உடனே டிக்கெட் எடுத்துக்கொண்டு கிளம்பாதே. ஜூனில்தான் வேலையில் சேர்ந்தாய், இப்போது லீவு கேட்டால் நன்றாக இருக்காது. டாக்டர் பார்த்துச் சொல்லட்டும், வா என்றால் வா. பட்டியலும் என் தாளும் ஒத்துப்போனால் நான் இந்தப் பேச்சையே எடுக்கமாட்டேன், விழிஞ்ஞத்துக்காரரை மட்டும் தேடிப் போய்க் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவேன். ஒத்துப்போகவில்லை என்றால் என்ன செய்வது என்றும் யோசித்துவிட்டேன். அவர் இரண்டு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தாரே, அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. இத்தனை நாள் கூட இருந்தவள் இன்றைக்கு எங்கே போனாள் என்று தேடுகிற மாதிரி இருந்தது. டாக்டருக்காகக் குறித்தது அந்த ஒரு நாளோடு சரி, இனிமேல் ஞாயிற்றுக்கிழமையெல்லாம் அவர் எங்கே சிரிக்கிறாரோ அங்கே நானும் சிரிப்பேன். சவப்பெட்டியைப் பார்த்துச் சிரித்தாலும் சரி, நம் வீட்டு ஹாலுக்குள் அவரைத் தனியாகச் சிரிக்க விடமாட்டேன். வெளியே மட்டும் எப்படிக் காப்பாற்றுவது என்று தெரியவில்லை, கோலப்பன் இனி பெட்டிச் சாமான் தன் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறான்.

காதை மூடித் தொப்பி போடு. தேங்காயெண்ணெய் உறைந்தால் வெந்நீரில் வை, அடுப்பில் வைக்காதே. ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பா என்ன கதை சொன்னாலும், முன்பின்னாகச் சொன்னாலும், திருத்தாதே, சிரி. பட்டியலில் மட்டும் பொய் எழுதாதே. ஆண்டவர் உன்னையும் ஷாஜியையும் உங்கள் போக்கிலும் வரத்திலும் கண்மணி போலக் காக்கட்டும், உங்கள் கைப்பிரயாசத்தை ஆசீர்வதிக்கட்டும். அப்பா எழுதுகிற இடத்தைப் பழக்கத்தில் கீழே விட்டுவிட்டேன், இப்போதுதான் கவனிக்கிறேன். வெறுமையாக அனுப்ப மனம் வரவில்லை, அதனால் சொல்லக் கூடாது என்று வைத்திருந்ததை அந்த இடத்தில் எழுதிவிடுகிறேன். தாழ்ப்பாள் இடத்தை மட்டும் நீ எழுதி அனுப்ப வேண்டாம். அது எனக்கே தெரியும். அங்கே அவர் சிரிக்கவில்லை, மகளே.

என்றும் உன்
அம்மா தாசம்மாள்